பத்தாயிரம் குதிரை, ஒரு லாடக்காரர் கூட இல்லை

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க சித்தி மகன் கால்நடை மருத்துவம் படிக்கிறான். படிப்பு முடியப் போகுது, இப்ப இன்டர்ன்ஷிப். ஒரு குதிரை லாயத்துல போட்டிருக்காங்க. "எப்படிலே போகுது வேலை?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு வாரமா லத்தி எண்ணிட்டு இருக்கேண்ணே" அப்படின்னான்.

ஊசி, ஆபரேஷன்னு ஏதாவது வீரக்கதை சொல்லுவான்னு பாத்தா இப்படி. விசாரிச்சா விஷயம் இருக்கு. நல்லா இருக்கிற குதிரை ஒரு நாளைக்கு சுமார் 8லேருந்து 12 தடவை லத்தி போடுமாம். எண்ணிக்கை குறைஞ்சா வயித்துல ஏதோ கோளாறு. நாமன்னா ஒத்துக்காததைச் சாப்பிட்டா வாந்தி எடுத்துடுவோம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயித்து வலி வந்தா சில மணி நேரத்துலயே உயிருக்கு ஆபத்தாகிடலாம். அதனால லத்தி நோட்டுதான் அங்க மானிட்டரிங் சிஸ்டம். புதுசா வர்ற பயிற்சிப் பையன் முதல்ல அதைத்தான் பழகணும்.

அடுத்தது குளம்பு. பின்னாடி போய் நிக்கக் கூடாது. இடது தோள் பக்கமா, பேசிக்கிட்டே போகணும். கையைத் தோள்ல வெச்சு, எடுக்காம அப்படியே காலோட கீழ வரைக்கும் தடவிக்கிட்டு எறக்கணும். அப்பதான் அது காலைத் தூக்கும். குதிகால் பக்கத்துலேருந்து நுனி பக்கமா அழுக்கைச் சுரண்டி எடுக்கணும். தாடைக்கு அடியில விரல் வெச்சு நாடி பாக்கணும், சும்மா நிக்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28லேருந்து 44 வரைக்கும் இருக்கணும். ஈறை அழுத்தி விட்டா 2 வினாடிக்குள்ள பழைய நிறம் திரும்பணும்.

"இதெல்லாம் டாக்டரா சொல்லிக் கொடுத்தார்?"

"பாதி டாக்டர். மீதி லாயத்துல முப்பது வருஷமா இருக்குற குதிரைக்காரத் தாத்தா. அவர் தூரத்துல நின்னு காதைப் பாத்தே இன்னைக்கு இது சரியில்லைன்னு சொல்லிடுவாருண்ணே."

இதைக் கேட்டதும் எனக்கு சம்பந்தமே இல்லாம மார்க்கோ போலோ ஞாபகம் வந்தார். சம்பந்தம் இருக்கு, சொல்றேன்.

காயல் துறை

நம்ம தாமிரபரணி கடல்ல கலக்கிற இடத்துக்குப் பக்கத்துல பழையகாயல்னு ஒரு ஊர் இருக்கு. இன்னைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்தான். இன்னைக்குப் போய் நின்னா உப்பளமும் ஆத்து முகத்துவாரமும்தான் தெரியும். 13ம் நூற்றாண்டுல இது பாண்டியர்களோட பெரிய துறைமுகம். கொற்கையை மண் மூடி கடல் தள்ளிப் போனதுக்கு அப்புறம் அதோட வியாபாரத்தை எடுத்துக்கிட்ட ஊர். போலோ 'காயில்'னு எழுதின பட்டணம் இதுதான்னு கால்டுவெல் இங்கயே வந்து, மண்ணுல கிடந்த சீன, அரபுப் பானை ஓடுகளை எல்லாம் பாத்துட்டுச் சொன்னார். 1881ல வந்த அவரோட திருநெல்வேலிச் சரித்திரத்துலயும் காயலைப் பத்தி எழுதியிருக்கார்.

போலோ இந்தப் பக்கம் வந்தது 1292-93 வாக்குல. மதுரையில மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். நாட்டை அஞ்சு சகோதரர்கள் ஆள்றாங்க, ஹோர்முஸ், கீஷ், ஏடன்லேருந்து எல்லாம் குதிரை ஏத்தின கப்பல் காயலுக்கு வருதுன்னு சொல்லிட்டு, ஒரு கணக்கு சொல்றார். ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல வாங்குறார். அவரோட தம்பிமார் நாலு பேரும் அதே மாதிரி வாங்குறாங்க. ஒரு குதிரைக்கு 500 சாஜியோ பொன், அதாவது 100 மார்க் வெள்ளிக்கும் மேல. வருஷக் கடைசியில 100 குதிரை கூட மிஞ்சாது.

ஏன்? அதுக்கும் காரணம் சொல்றார். இந்த ஊர்க்காரங்களுக்குக் குதிரையைப் பாத்துக்கவே தெரியல. லாடக்காரர் யாரும் இல்லை. (அந்தக் காலத்து லாடக்காரர் வெறும் லாடம் அடிக்கிறவர் இல்லை, குதிரைக்கு வைத்தியம் பாக்கிறவரும் அவர்தான்.) இதோட விட்டிருந்தா பரவாயில்லை. அடுத்து ஒரு குண்டைத் தூக்கிப் போடுறார்: குதிரை வியாபாரிங்க லாடக்காரர்களைக் கூட்டிட்டு வர்றதும் இல்லை, அவங்களாக் கிளம்பி வர்றதையும் தடுக்கிறாங்க. குதிரை பொழைச்சுட்டா அடுத்த வருஷம் வியாபாரம் படுத்துடுமே!

சாப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இதைப் படிச்சதும் எங்கயோ கேட்ட கதை மாதிரி இருக்கும் :-)

இன்னொரு சாட்சி

போலோ புளுகுவார்னு ஒரு பேர் உண்டு. அதனால இன்னொரு சாட்சியையும் விசாரிப்போம். பாரசீகத்துல வஸ்ஸாஃப்னு ஒரு வரலாற்று எழுத்தாளர். 14ம் நூற்றாண்டு ஆரம்பத்துல எழுதினவர். இங்க வந்ததில்லை. ஆனா குதிரை கிளம்புற பக்கத்துலேருந்து கணக்கைப் பாத்தவர். போலோ பில் வாங்கின பக்கம், இவர் பில் போட்ட பக்கம்னு வெச்சுக்குங்க.

கதீப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹோர்முஸ், கல்ஹாத் துறைகள்லேருந்து மாபாருக்கும் (அதாவது நம்ம கடற்கரைக்கு), கம்பாயத்துக்கும், மத்த துறைகளுக்கும் வருஷத்துக்கு 10,000 குதிரை போச்சுன்னு எழுதுறார். ஒரு குதிரை 220 செம்பொன் தினார். மொத்தம் 22 லட்சம் தினார். பெருக்கிப் பாத்தேன், சரியா வருது. இந்தப் பணத்துல கோயில் நிலங்களோட வருமானமும் உண்டாம்.

இப்ப போலோ கணக்கையும் பெருக்குங்க. அஞ்சு ராஜா, ஆளுக்கு 2000. அதுவும் 10,000! வஸ்ஸாஃப் சொல்றதுல மத்த துறைகளும் சேர்ந்திருக்கு, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒருத்தரை ஒருத்தர் பாக்காத ரெண்டு பேர் ஒரே அளவுல எண் சொல்றாங்கன்னா, துறைமுகத்துல யாரோ சொல்லிட்டிருந்த எண்ணாத்தான் இருக்கணும்.

அடுத்ததுதான் முக்கியம். ஒப்பந்தம். கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன்ங்கிற பெரிய வியாபாரி வருஷத்துக்கு 1400 குதிரை தன்னோட லாயத்துலேருந்து அனுப்பணும். வழியில குதிரைக்கு அடிபட்டாலோ செத்தாலோ அதுக்கும் பணம் பாண்டியன் கஜானாவுலேருந்துதான். காயல் முதலான துறைகளைப் பாத்துக்கிட்டவர், பாண்டியனுக்கு மந்திரியாவும் ஆலோசகராவும் இருந்தவர் யாரு? ஜமாலுத்தீனோட தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். விக்கிறவர் அண்ணன், வாங்கச் சொல்ற மந்திரி தம்பி. இன்னைக்கு இப்படி ஒரு டெண்டர் நடந்தா பேப்பர்ல முதல் பக்கம்.

வேற ஊர்லயும் இதுதான் வழக்கமா இருந்திருக்கு. ஏறக்குறைய ரெண்டு நூற்றாண்டு கழிச்சு விஜயநகரத்துல சாளுவ நரசிம்மர் உயிரோட வந்தாலும் செத்து வந்தாலும் குதிரைக்குப் பணம் கொடுத்தார்னு நூனிஸ்ங்கிற போர்ச்சுகீசியர் எழுதியிருக்கார். கடல்ல செத்துப் போன குதிரைக்கு அத்தாட்சி அதோட வால். வாலைக் காட்டினா முழுக் குதிரைக்குக் காசு!

குதிரை ஏன் செத்தது?

வஸ்ஸாஃப் சதி எதுவும் சொல்லல. இங்க வந்த குதிரைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலா வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் போட்டுப் பக்குவப்படுத்தின தானியமும் வைக்கிறாங்க. குடிக்கக் காய்ச்சின பசும்பால். கொழுக்கணும்னு 40 நாள் கயித்துலயும் முளைக்குச்சியிலயும் கட்டிப் போடுறாங்க. அப்புறம் எந்தப் பழக்கமும் கொடுக்காம, அங்கவடி கூட இல்லாம ஏறி ஓட்டுறாங்க. கொஞ்ச நாள்ல காத்தாப் பறந்த குதிரை சோர்ந்து, சவுக்கடி பட்டாத்தான் நகரும்ங்கிற நிலைமைக்கு வந்துடுது. போலோ இன்னும் ஒரு படி மேல போய், அரிசியோட கறியையும் சமைச்சு வைக்கிறாங்கன்னு சொல்றார்.

சித்தி மகன்கிட்ட இந்தப் பட்டியலைப் படிச்சுக் காட்டினேன். எக்ஸாம்ல வினாத்தாள் பாத்த மாதிரி உக்காந்துட்டான்.

"அண்ணே, குதிரை புல்லுத் தின்னுற சாமான். வயிறு சின்னது, நார் எல்லாம் பின்குடல்லதான் புளிச்சுச் செரிக்கும். புல்லைக் குறைச்சு தானியத்தை அள்ளிப் போட்டா வயித்து வலி வரும், குளம்புக்குள்ள வீக்கம் வரும். நடக்கவே முடியாது. அதைப் போய் 40 நாள் கட்டி வேற போட்டா?"

அப்புறம் அவன் சொன்ன இன்னும் மூணு விஷயம். ஒண்ணு, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊருக்கு வர்ற சில குதிரைகளுக்கு வேர்வை சுரக்கிறதே நின்னு போயிடும். உடம்புச் சூடு எறங்க வழி இல்லாம ஓட முடியாமப் போகும். ரெண்டு, தவிடு மாதிரி பாஸ்பரஸ் அதிகமான தீனியே கொடுத்துட்டிருந்தா சுண்ணாம்புச் சத்து குறைஞ்சு எலும்பு கெட்டுப் போகும். இங்க பொறக்கிற குட்டி கால் கோணிப் பொறக்குதுன்னு போலோ எழுதினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மூணு, சர்ரா நோய். கடிக்கிற ஈ பரப்புறது. இதுக்குக் காரணமான கிருமியை 1880ல கிரிஃபித் எவன்ஸ்ங்கிற பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர் குதிரை ரத்தத்துல கண்டுபிடிச்சார். 1290ல யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை.

ஆக காயல் குதிரை எதால செத்துச்சுன்னு போஸ்ட் மார்ட்டம் ரிப்போர்ட் நம்மகிட்ட கிடையாது. ஆனா பாதிக்குப் பாதி லத்தி நோட்டு ஒண்ணு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்கிறது என் அபிப்பிராயம்.

கொஞ்சம் சந்தேகப்படுவோம்

வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சாதுன்னு போலோ சொன்னதை அப்படியே நம்பணுமா? 1311ல மாலிக் காபூர் மதுரை வரைக்கும் வந்துட்டு டில்லிக்குத் திரும்பினப்ப கொண்டு போனதை அமீர் குஸ்ரு கணக்கு எழுதியிருக்கார்: 512 யானை, 5000 குதிரை. எல்லாக் குதிரையும் செத்துப் போச்சுன்னா இந்த 5000 எங்கேருந்து வந்துச்சு? அந்தக் கணக்குலயும் கொஞ்சம் ஊதல் இருக்கலாம். இருந்தாலும் போலோ மிகைப்படுத்தியிருக்கார்ங்கிறது நிச்சயம்.

"இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது"ங்கிறதும் வெளியூர்க்காரன் பார்வை. குதிரை இங்க நேத்து வந்த சாமான் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துல கடல் வழியா குதிரை வந்து எறங்கினதைப் பட்டினப்பாலையே சொல்லுது. குதிரை வைத்தியத்துக்குன்னே சாலிஹோத்ரர் பேர்ல சாஸ்திரம் உண்டு. நகுலன் பேர்ல உள்ள அசுவ சாஸ்திரத்தைப் படங்களோட தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் 1952ல பதிப்பிச்சது. வெள்ளைக்காரன் குதிரைப்படையில இந்தியக் குதிரை வைத்தியர்களை 'சலூத்ரி'ன்னு கூப்பிட்டதே சாலிஹோத்ரர் பேர்லேருந்து வந்ததுதான்.

அப்ப எங்க இடிக்குது? சாஸ்திரம் ஏட்டுல இருந்தது. குதிரை லாயத்துல இருந்தது. நடுவுல ஒரு ஆள் வேணும். தினமும் காலையில குளம்பைத் தூக்கிப் பாக்கிற ஆள், அவர்கிட்ட கூடவே நின்னு கத்துக்கிற ஒரு சின்னப் பையன். அரபு நாட்டுல அந்தக் குதிரையை வளர்த்தவனுக்கு அதோட குணம் தெரியும். அவன் காயலுக்கு வரல. இங்க லாயத்துல நின்னவனுக்கு அந்தக் குதிரை புதுசு. நம்ம பாஷையில சொன்னா நாலெட்ஜ் டிரான்ஸ்பர் நடக்கவே இல்லை.

இதுல வியாபாரிகளோட சதின்னு ஒண்ணு தேவையான்னு கூட எனக்குச் சந்தேகம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு இடத்துல சப்போர்ட் டீம்ல போட்டாங்க. கோடிக்கணக்குல காசு கொட்டி வாங்கின சிஸ்டம். அதைச் செஞ்சவங்க போயிட்டாங்க, ஒரு பக்கம் டாக்குமெண்ட் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு அது படுத்துக்கும், எங்களுக்கு அதோட எந்தக் காலைத் தூக்கணும்னு கூடத் தெரியாது. யாரும் திட்டம் போட்டு எங்களைக் கஷ்டப்படுத்தல. அது பொழைச்சுக் கிடக்கணும்கிற அக்கறை வாங்குறப்ப கையெழுத்துப் போட்ட யாருக்கும் இல்லை, அவ்வளவுதான். காயல்லயும் அதே. கடல்ல செத்தா ராஜா காசு. லாயத்துல செத்தா அடுத்த கப்பலுக்கு ஆர்டர். குதிரை உயிரோட இருந்தா லாபம்னு சொல்ற ஆள் அந்தச் சங்கிலியில ஒருத்தர் கூட இல்லை, குதிரையைத் தவிர.

மண்குதிரையை நம்பி ஆத்துல எறங்கினவனை நாம கேலி பண்றோம். பாண்டியர்கள் நிஜக் குதிரையை நம்பித்தான் எறங்கினாங்க. அதுக்குத் தண்ணி காட்டுறவனை மறந்துட்டாங்க.

விஜயநகரத்துக்காரங்க பின்னாடி கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு தோணுது. அதே நூனிஸ், 16ம் நூற்றாண்டு அரண்மனைச் சம்பளப் பட்டியல்ல குதிரை பராமரிக்க 1600 பேர், குதிரை பழக்க 300 பேர்னு கணக்கு சொல்றார். செத்த குதிரை வாலுக்குக் காசு கொடுத்த நாட்டுலயே உயிரோட இருக்கிற குதிரையைப் பாத்துக்கிறவனுக்கும் சம்பளம் வந்துடுச்சு. காயல் ஆட்களைப் பத்தி எனக்குக் கிடைச்ச எந்த வரியிலயும் இப்படி ஒரு எண் கூட இல்லை.

திருப்புடைமருதூர்

மறுநாள் அவனைக் கூட்டிட்டு திருப்புடைமருதூர் போனேன். முக்கூடல் பக்கம், கடனாநதி தாமிரபரணியோட சேர்ற இடம். நாறும்பூநாதர் கோயில். அனுமதி வாங்கிக் கோபுரத்துக்குள்ள ஏறினா அஞ்சு நிலையிலயும் சுவர் பூரா ஓவியம். காயல் காலத்துக்கு ரொம்பப் பிந்தின, விஜயநகர, நாயக்கர் பாணி. அதுல ஒரு கப்பல், அரபு வியாபாரிங்க, குதிரைங்க. கடல்லேருந்து இவ்வளவு தள்ளி, ஆத்தோட மேல்பக்கம் இருக்கிற ஊர்ல ஒரு ஓவியனுக்குக் குதிரைக் கப்பலை வரையணும்னு தோணியிருக்கு. அந்த அளவுக்கு அது ஊர் ஞாபகத்துல இருந்திருக்கு.

நான் கப்பலோட கட்டுமானம், உடுப்பு, காலம்னு லெக்சர் அடிச்சுட்டிருந்தேன். அவன் காதுலயே வாங்கல. ரொம்ப நேரம் பாத்துட்டுக் கேட்டான்:

"ஏண்ணே, ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 லிட்டர் தண்ணி வேணும். கப்பல்ல இத்தனை குதிரைக்குத் தண்ணி எங்க வெச்சிருப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியல. போலோ கேக்கல, வஸ்ஸாஃப் கேக்கல, இத்தனை நாள் இதைப் படிச்சிட்டிருந்த எனக்கும் தோணல. ரெண்டு வாரம் லத்தி எண்ணினவனுக்குத் தோணியிருக்கு.

தென்னிந்தியாவுல கால்நடை மருத்துவம் சொல்லிக் கொடுக்க சென்னை சைதாப்பேட்டையில கல்லூரி ஆரம்பிச்சது 1903ல. நம்ம திருநெல்வேலியிலயே, ராமையன்பட்டியில, 2012ல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துச்சு. போலோ "லாடக்காரர் இல்லை"ன்னு எழுதி 700 வருஷம் கழிச்சு, அதே ஆத்தங்கரைச் சீமைக்கு. லேட்தான். ஆனா வந்துட்டாங்க.

கீழ எறங்கி ஆத்துல கால் நனைச்சுட்டு இருக்கிறப்ப அவனுக்கு போன். லாயத்துத் தாத்தா. அஞ்சாம் நம்பர் குதிரை காலையிலேருந்து மூணு தடவைதான் போட்டிருக்காம், டாக்டர்கிட்ட சொல்லிட்டாராம், நீயும் சீக்கிரம் வந்து சேருன்னார். அன்னைக்கு ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிட்டான்.

மறுநாள் மெசேஜ் வந்தது. மொத்தமே ஒரு வார்த்தை: "போட்டுருச்சு."